தம்பி நிலத்தில் என் தருமம்

1

இந்த வசந்தத்தில், நான் தொடங்கிய அறக்கட்டளையின் கூட்டத்திலிருந்து என்னை வெளியே அனுப்பினார்கள். போகச் சொன்னது என் மகள். கதவைச் சாத்தியது என் மைத்துனர். எழுபத்து மூன்று வயதில், ஒரு சமூகக் கூடத்தின் நடைவழியில், பள்ளிப் பிள்ளைகள் ஒட்டிவைத்த வண்ணத்துப்பூச்சிப் படங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என்னைப் பற்றி விவாதம் நடந்துகொண்டிருந்தது.

இதை எழுதும்போது கை பரபரக்கிறது. கோபத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு நல்லது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்லப் பார்த்தேன். அவர் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் புதுவாயல் கூட்டுச்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூர்க்காரன். வேதியியல் படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்து, ஒரு நடுத்தர ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். காலையில் நடை, நூலகம், செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைப்பது என்று நாள் போகிறது. அதற்கு மேல் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகளுக்காக, எங்கள் ஊரில் ஒரு காப்பகம் நடத்துகிறோம். இரும்பு உருக்கும் ஆலைக்கு அப்பாவும் அம்மாவும் போய்விட்டால், தகரக் கொட்டகையில் தனியாகக் கிடக்கும் பிள்ளைகள் அவர்கள். ஊரில் அதற்குப் பெயர் பால்வாடி. பிழைக்க ஊர்விட்டு ஊர் போனவன் நான். அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் அப்படித்தான். அதனால் இது எனக்குப் பொருத்தமான தருமம் என்று மேடை கிடைத்தபோதெல்லாம் சொல்வேன். நன்றாகவும் சொல்வேன்.

2

இங்கே அறக்கட்டளைகளைக் கண்காணிக்க நாடு முழுவதற்குமாக ஓர் ஆணையம் இருக்கிறது. நம் ஊரில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. நீங்கள் உங்கள் கைப்பணத்தையும் நண்பர்கள் கொடுத்ததையும் சேர்த்து ஏழைக்குச் செய்கிறீர்கள். அதற்கு ஆண்டுதோறும் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அறங்காவலர்கள் யார் யார் என்று பொதுப் பதிவேட்டில் பெயர் இருக்கும். முன்பின் தெரியாத எவரும் வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். ஆணையம் நினைத்தால் கேள்வி கேட்கலாம், எச்சரிக்கலாம், விசாரணை வைத்து அறங்காவலரை விலக்கலாம், விசாரித்ததை ஊரறிய வெளியிடவும் செய்யலாம்.

"தானம் கொடுத்த மாட்டை யாராவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?" என்று என் மைத்துனர் ராமமூர்த்தியிடம் கேட்டிருக்கிறேன். என் மனைவியின் தம்பி அவர். "அதானே மாமா!" என்பார். ராமமூர்த்தி என்னிடம் வேறெதுவும் சொன்னதே இல்லை.

வெளிநாட்டில் பணம் செலவிடும் சிறிய அறக்கட்டளைகளைச் சரிபார்க்கிறார்கள் என்று சென்ற குளிர்காலத்தில் ஆணையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. காணொளியில் பேச ஓர் அதிகாரி வந்தார். சிறிய பெண். நான் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாராட்டப் போகிறார் என்று உள்ளூர ஒரு நினைப்பு.

பால்வாடியின் படங்களைப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்:

"கட்டடம் யாருடைய நிலத்தில் இருக்கிறது?"

"எங்கள் குடும்ப நிலம். நான் கொடுத்தேன்."

"குடும்பம் என்றால்?"

"நானும் என் தம்பியும். அப்பா வைத்துவிட்டுப் போனது. இன்னும் பிரிக்கவில்லை."

"கொடுத்ததற்குப் பத்திரம் இருக்கிறதா?"

"ஊர் முன்னால் சொல்லிக் கொடுத்தேன்."

"உங்கள் தம்பி சம்மதித்தாரா?"

"அவன் என் தம்பி."

"புரிகிறது. சம்மதித்தாரா?"

நான் என்ன சொல்வது? எங்கள் பக்கத்தில் அண்ணன் சொன்ன பிறகு தம்பியைத் தனியாகக் கேட்பது, வலது காலை எடுத்து வைத்துவிட்டு இடது காலிடம் வருகிறாயா என்று கேட்பது போல. அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"மற்ற அறங்காவலர்கள் இதை உங்களிடம் கேட்டதில்லையா?"

"என்னிடமா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பொதுமக்கள் கொடுத்த பணத்தில் கட்டிய கட்டடம் இரண்டு தனி மனிதர்களின் நிலத்தில் நிற்கிறது. நாளை அந்த இருவரில் ஒருவருக்கு நிலத்தை விற்கத் தோன்றினால் குழந்தைகள் எங்கே போவார்கள் என்று மட்டும் கேட்டார். நீங்கள் இல்லாமல் மற்ற நான்கு அறங்காவலர்களும் கூடி இதற்கு ஒரு முடிவெடுத்து எங்களுக்கு எழுத வேண்டும் என்று சொல்லி விடைபெற்றார்.

டையை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

3

திறப்பு விழாவைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

சாலையோரமாக எங்களுக்கு ஒரு மேட்டு நிலம் உண்டு. பின்னால் நஞ்சை. படிப்பு எனக்கு, பயிர் அவனுக்கு என்று அப்பா முடிவு செய்ததால் நிலத்தில் இறங்கியது தம்பி எத்திராஜு மட்டும். மேட்டு நிலம் அவனுக்குக் களம். அறுத்த நெல்லைக் கொட்டிக் காயவைப்பது அங்கேதான். நான் விடுமுறையில் போய், காப்பகம் கட்ட இடம் பார்த்து, "நம்ம மேட்டுலயே கட்டிடலாம்டா" என்றேன். அவன் தலையாட்டினான் என்று நினைவு. ஆட்டாமலும் இருந்திருக்கலாம். அடுத்த வாரம் மேஸ்திரி வந்து கயிறு கட்டினார்.

விழாவில் மைக்கைப் பிடித்து, "எங்கள் குடும்ப நிலத்தை இந்தக் குழந்தைகளுக்குத் தானமாகத் தருகிறேன்" என்றேன். கைதட்டல். மாலை. எத்திராஜு அப்போது பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு அவன் நெல்லைப் புதுவாயல் பக்கத்தில் நெடுஞ்சாலையின் ஓரத்தில் காயவைக்கத் தொடங்கினான். எளாவூர்ச் சோதனைச்சாவடிக்குப் போகும் லாரிகள் ஓரமாக ஏறி அரைத்துவிட்டுப் போகும். அவன் சைக்கிள் டயர்களையும் கற்களையும் அணையாக வைத்துக் காவல் உட்கார்ந்திருப்பான். ஒருமுறை ஊருக்குப் போனபோது அதை நான் படம் பிடித்தேன். தார்ச்சாலை, பொன்னிற நெல், நடுவில் தலைப்பாகையோடு என் தம்பி. படம் மிக நன்றாக வந்திருந்தது. எங்கள் அறக்கட்டளையின் நாட்காட்டியில் தை மாதத்துக்கு அதைப் போட்டோம். இங்கிலாந்து வீடுகளின் சமையலறைகளில் என் தம்பி ஒரு மாதம் முழுக்கத் தொங்கினான். அவன் ஏன் சாலையில் உட்கார்ந்திருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. படமெடுத்த நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

4

எங்கள் அறங்காவலர் கூட்டம் இப்படித்தான் நடக்கும்: நான் தீர்மானத்தை வாசிப்பேன். எல்லாரும் வாசலைப் பார்ப்பார்கள், வடை வருகிறதா என்று. வடை வந்ததும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும். மைத்துனருக்கு நான் மாமா. மற்ற இரண்டு நண்பர்களுக்கு நான் அண்ணன். மகள் மீராவுக்கு அப்பா. மாமாவிடம் போய் நிலம் யாருடையது என்று எப்படிக் கேட்பது? ஆணையம் அறங்காவலர் என்று யாரை நினைக்கிறதோ, அப்படி ஒருவர்கூட எங்கள் கூட்டத்தில் இல்லை. உறவினர்கள் இருந்தார்கள்.

மீரா இங்கே பிறந்தவள். பால்வாடியை "அப்பாவோட ப்ராஜெக்ட்" என்பாள். பதினெட்டு வயது ஆனதும் அவளை அறங்காவலராக்கினேன். அனுப்புகிற தாளில் கையெழுத்துப் போடுவாள், கூட்டத்துக்கு வரமாட்டாள். தமிழும் ஊரும் அவளிடமிருந்து நழுவிப் போவதாக நண்பர்களிடம் வருத்தப்பட்டிருக்கிறேன். இந்தக் கூட்டத்துக்கு அவள் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆணையம் வெளியிட்டிருக்கும் வழிகாட்டிகளையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தாள்.

நான் ஒரு யோசனையோடு போயிருந்தேன். நிலத்தை அறக்கட்டளைக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடுவது. உரிமை எங்களிடமே இருக்கும். வாசிக்க ஆரம்பித்தேன்.

"அப்பா, நீங்க வெளிய போங்க," என்றாள் மீரா.

அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். "கொஞ்சம் வெளியே இருங்களேன்" என்று சொல்லத் தெரியாது. "நிலம் உங்களோடது. நீங்க இருந்தா யாரும் பேசமாட்டாங்க. ரூல் அதான்."

ராமமூர்த்தியைப் பார்த்தேன். அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். "மன்னிச்சுக்குங்க மாமா," என்று சொல்லிவிட்டுச் சாத்திவிட்டார்.

வண்ணத்துப்பூச்சிகளுக்கு நடுவே நின்றபோது முதலில் காது சூடானது. பிறகு உள்ளேயிருந்து குரல் கேட்டது. ராமமூர்த்தியின் குரல்! "அது எப்படிச் சரியாகும்? கட்டடம் கட்டினது நம்ம எல்லார் காசு. மாமாவே ரெண்டு பக்கமும் இருந்தா எப்படி?" இத்தனை ஆண்டுகளில் அவர் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. நல்ல கணீர்க் குரல். என்னை எதிர்த்துப் பேசுகிறார், நான் கதவில் காதை வைத்து ரசித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

உள்ளே கூப்பிட்டார்கள். குத்தகை கூடாது என்று நால்வரும் முடிவு செய்திருந்தார்கள். நிலம், நம் ஊரில் பால்வாடியை நடத்தும் பதிவுபெற்ற சங்கத்தின் பெயருக்கு முறையாகப் போக வேண்டும். எத்திராஜு மனமொத்துக் கொடுத்தால்தான் அது நடக்கும். அவன் மறுத்தால் கட்டடத்தை விட்டுவிட்டு, புதுவாயலில் வாடகைக்கு இடம் பார்த்துக் குழந்தைகளைக் கொண்டுபோவது.

"சித்தப்பாகிட்ட நீங்கதான் போய்க் கேக்கணும்," என்றாள் மீரா. "கேக்கணும், அப்பா. சொல்லக் கூடாது."

நான் ஏன் குத்தகை கேட்டேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். மேட்டு நிலத்தில் கட்டடம் போகச் சரிபாதி காலியாக இருந்தது; அதை அப்படியே விட்டுவை என்று எத்திராஜிடம் சொல்லியிருந்தேன். அங்கே எனக்கு ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு, கடைசிக் காலத்தில் சாலையைப் பார்த்தபடி உட்கார வேண்டும் என்று ஓர் ஆசை. இங்கே மழைநாட்களில் அந்த வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருப்பேன். ஜன்னல்களை மட்டும் பலமுறை மாற்றியிருக்கிறேன்.

5

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எத்திராஜு மொபெட்டில் வந்திருந்தான்.

"இன்னாண்ணா, திடீர்னு வந்துகீறே? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணுமில்ல. உன்கிட்ட பேசணும்."

"போன்ல பேசறதுக்கு இன்னா?"

"நேர்லதான் பேசணும்."

அவன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

வீட்டில் அவன் மனைவி சரோஜா, "மாமா, மொதல்ல நாஷ்டா துன்னுங்க, அப்பறம் பேசுங்க," என்று இட்லியை வைத்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். 

"எத்திராஜு, பால்வாடி கீற எடத்தை சங்கத்துக்கு எழுதிக் குடுக்கலாமான்னு... உனக்கு இஷ்டமா?"

அவன் கையில் எடுத்த இட்லியைத் தட்டில் வைத்தான். சரோஜாவைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"சரோ, கேட்டியா? எங்கண்ணன் என்னைக் கேக்கறாரு!"

"டேய், சிரிக்காதடா."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க இத உனக்கு?"

ஆணையத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த அதிகாரியைப் பற்றி, அவர் கேட்ட கேள்விகளைப் பற்றி, யார் வேண்டுமானாலும் ஓர் அறக்கட்டளையைப் பற்றி அங்கே புகார் எழுதலாம் என்பதைப் பற்றி. அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"ஒன்னக் கேள்வி கேக்க அந்த ஊர்ல ஒரு ஆபீசே கீதா?"

"கீது."

"நிக்க வெச்சா கேட்டாங்க?"

"ஒக்கார வெச்சுதான்."

"கேட்டது பொம்பளையா? எத்தினி வயசு?"

"நம்ம மீரா வயசு இருக்கும்."

"அடி சக்க! நைனாவே ஒன்னக் கேள்வி கேட்டதில்லியேண்ணா!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன இருந்தாலும் தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமாடா?"

"மாடு யாருதுண்ணா?" என்றான்.

சரோஜாவுக்குப் புரையேறிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவன் சிரிப்பு அடங்கியது. "அன்னிக்கு நீ மைக்குல சொன்னப்ப நான் சாம்பார் வாளிய தூக்கிகினு நின்னேன். எல்லாரும் கை தட்டனாங்க. நானும் வாளிய கீழ வெச்சுட்டுத் தட்டனேன். இன்னா செய்யச் சொல்றே?"

"ஏன்டா சொல்லல? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை?"

"நீ எங்க கேட்ட?"

கையில் காய்ந்துபோன சட்னியைத் தட்டில் வழித்துவிட்டேன். பிறகு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லு. பிள்ளைங்களுக்கு வேற எடம் பாத்துக்குவாங்க. கட்டடம் உனக்கே இருக்கட்டும். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"கட்டடத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? குடோனுக்கு வாடகைக்கு வுடறதுக்கு ரெண்டு பேரு கேட்டுகினுதான் கீறாங்க." எழுந்து கை கழுவப் போனான். "ஒடனே சொல்லணுமா? நாள பாக்கலாம்."

அந்த ஒரு நாள் நான் பால்வாடிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். தரையெல்லாம் பிள்ளைகள். ஒடியாவில் ஒருத்தி அழுதாள். ஆயா தமிழில் சமாதானம் சொன்னாள். இந்தியில் ஒருவன் அதற்குப் பதில் சொன்னான். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற ஒரு பொடியனுக்கு, அவன் நிற்கும் தரை யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை.

மறுநாள் காலை எத்திராஜு என்னை மேட்டு நிலத்துக்குக் கூட்டிப்போனான். கட்டடத்துக்கும் காலி மனைக்கும் நடுவில் செருப்புக் காலால் ஒரு கோடு இழுத்தான்.

"பாகம் பிரிச்சிக்கலாம்ண்ணா. மேடு ஆளுக்குப் பாதி. காலியா கீறது என்து. களம் போடப் போறேன், சிமெண்ட்டுல."

"அங்க நான் ஒரு ஊடு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன்.

"தெரியும். நீ வந்தா நம்ம ஊட்டு மாடியில ரூம் கீது. அங்க குந்து. தனி ஊடு இன்னாத்துக்கு, ஒனக்கு யாரு சோறு ஆக்கிப் போடுவா?" கட்டடத்தின் பக்கம் கையைக் காட்டினான். "அந்தப் பாதி உன்து. அத நீ குடு. இத்தினி வருசமா என்துத குடுத்துகினு இருந்த. ஒரு தபா உன்துத குடுத்துப் பாரு."

6

முதலில் பாகப்பிரிவினை, பிறகு சங்கத்துக்குத் தானப் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. கைரேகை இயந்திரம் என் விரலை ஏற்க மறுத்தது. வேதியியல் கூடத்தில் அமிலம் தொட்டுத் தேய்ந்த விரல். எத்திராஜு தன் துண்டால் துடைத்துத் துடைத்து வைத்தான். கடைசியில் அது ஏற்றுக்கொண்டது. அந்த நிலத்தில் நான் என்றுமே வீடு கட்டப் போவதில்லை. அது தெரிந்தே கொடுத்தேன். வெளியே வந்து இரண்டு பேரும் கரும்புச்சாறு குடித்தோம். எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. மைக்கைப் பிடித்துப் பேசிய நாளில் இந்த மகிழ்ச்சியில் கால்வாசிகூட எனக்கு இருந்ததில்லை.

ஆணையத்துக்கு மீரா எழுதினாள். இப்போதைக்கு மேல் நடவடிக்கை தேவையில்லை, அடுத்த ஆண்டறிக்கையில் நிலத்தின் விவரத்தைச் சேர்த்துவிடுங்கள் என்று பதில் வந்தது. பாராட்டு எதுவும் இல்லை. தலைவர் பதவியை ராமமூர்த்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். போன கூட்டத்தில் நான் கொண்டுபோன ஒரு யோசனையை, "இது வேண்டாம் மாமா, நிறைய ஓட்டை இருக்கு," என்று தள்ளினார். வடை அன்று தாமதமாகத்தான் வந்தது. மீரா எனக்கு இன்னொரு வடை எடுத்து வைத்தாள். இப்போதெல்லாம் கூட்டத்துக்கு வருகிறாள். சித்தப்பாவிடம் வாரம் ஒருமுறை தன் உடைந்த தமிழில் நேரடியாகப் பேசுகிறாள். நடுவில் நான் தேவைப்படுவதில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. காணொளியில் எத்திராஜு. பின்னால் புதுச் சிமெண்டுக் களம், அதன் மேல் நெல். நெல்லின் மேல் பால்வாடிப் பிள்ளைகள் நாலைந்து பேர் உருண்டுகொண்டிருந்தார்கள். ஒருத்தி இரண்டு கையாலும் அள்ளி இன்னொருத்தியின் தலையில் கொட்டினாள். சரோஜா ஒரு பக்கம் பிடிக்க, ஆயா மறுபக்கம் துரத்த, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

"பாத்தியாண்ணா ஒங்க சங்கத்துப் புள்ளைங்க பண்ற வேலைய? நடுவுல வேலி போட்டுக் குடுக்கணும்."

"கூட்டத்துல சொல்றேன்டா."

"சொன்னா போதாது. செய்யணும். செய்யலன்னா நான் அந்த ஆபீசுக்கே எழுதிப் போட்டுருவேன். யார் வேணா எழுதலாம்னு நீதானே சொன்ன?"

"எழுதலாம்."

"அட்ரஸ் அனுப்பு."

"நெஜமாவா?"

"பின்ன? தமிழ்ல எழுதனா படிப்பாங்களா?"

"மீரா இங்கிலீஷ்ல மாத்திக் குடுப்பா."

தெருவில் தொட்டியைப் பிடித்தபடி நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, நலமா என்று கேட்டார். என் தம்பி என்மீது புகார் எழுதப் போகிறான் என்றேன். அவர் மிகவும் வருத்தப்பட்டார்.

ஆணையத்தின் முகவரியை அங்கேயே நின்று, எழுத்துப் பிழையில்லாமல் அடித்து எத்திராஜுக்கு அனுப்பினேன். வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"வந்துச்சு, வந்துச்சு," என்றான். "போனை வெய்யிண்ணா. வெயிலு ஏறிகினு கீது, நெல்லத் துழாவணும்."